முட்டை இல்லாமல் 138 இறைச்சி உருண்டைகள்: டர்பனில் ஒரு வீட்டுச் சமையலறையின் நிகழ்வு ஆய்வு

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும், ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம் என்று உடனே சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதே நாளில் 38 பேருக்கு, ஒரு துளி முட்டைகூடச் சேராமல், தக்காளி சாஸில் போட்ட இத்தாலிய பாணி இறைச்சி உருண்டை சமைத்தோம். அதில் என்னென்ன தப்பு செய்தோம், எதை எப்படிக் கண்டுபிடித்தோம், எது கடைசிவரை சரியாகவில்லை என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். அலர்ஜி உள்ள பிள்ளை இருக்கும் வீடுகளுக்கும், முட்டை இல்லாமல் உருண்டை நிற்காது என்று நினைத்துக் கைவிட்டவர்களுக்கும் உதவலாம். பெயர்கள் எதுவும் தரவில்லை.

பின்னணி

இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி. என் கணவரின் பெரியம்மா வீடு. நான் மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இங்கே தலைமுறை பல கடந்துவிட்டதால் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. வீட்டில் என்னோடு முழுத் தமிழில் பேசுவது பெரியம்மா ஒருவர்தான், அதனால் இந்தக் கதையில் பாதி அவர் சொன்னதாகவே இருக்கும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் நாத்தனார் அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. முட்டை ஆகாது. ஆகாது என்றால் லேசாகத் தடிக்கிற வகை இல்லை. முன்பு ஒருமுறை ஒரு பிறந்தநாள் விழாவில் ஏதோ சாப்பிட்டு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போனவன். அவனுக்கு ரொம்ப நாளாக ஒரே ஆசை: ஸ்பகெட்டி, மேலே இறைச்சி உருண்டை, சிவப்பு சாஸ். பள்ளிக்கூடத் தோழர்கள் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், இவனுக்கு மட்டும் வெண்ணெய் தடவின வெறும் பாஸ்தா. கடையில் உறைநிலையில் விற்கிற உருண்டை, ஓட்டலில் கிடைப்பது, எதை விசாரித்தாலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். இந்த முறை டர்பனுக்கு வரும்போது அதுதான் வேண்டும் என்று போனில் பெரியம்மாவிடமே கேட்டுவிட்டான். பேரன் வாயைத் திறந்து கேட்டால் அப்புறம் என்ன, முடிவாகிவிட்டது.

அந்த மாதம் நாட்டில் முட்டையே தட்டுப்பாடு. பறவைக் காய்ச்சல் வந்து, முக்கியமாக ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹவுடெங் மாகாணத்துப் பக்கத்துப் பண்ணைகளில் கோழிகள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன, சில சூப்பர்மார்க்கெட்டுகளில் ஆளுக்கு இத்தனைதான் என்று அளவு வைத்து விற்றார்கள். எங்கள் கதைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் எல்லோரும் 'முட்டை கிடைக்கவில்லை என்று அப்படிச் செய்கிறீர்களா' என்றே கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

இன்னொரு நிபந்தனை, மாட்டிறைச்சி கிடையாது. இத்தாலியில் இந்த உருண்டைக்கு மாட்டிறைச்சியோ பன்றியோ இரண்டும் கலந்தோதான் வழக்கம். எங்களுக்கு ஆட்டு மின்ஸ். நம் ஊரில் கொத்துக்கறி என்பதை இங்கே எல்லோரும் மின்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

காலம் இல்லாத பிரச்சினை

திட்டம் போட்டது செப்டம்பர் கடைசியில். இறுதி ஆட்டத்துக்குத் தென்னாப்பிரிக்கா வருமோ வராதோ, அன்றைக்குச் சாப்பாடு உறுதி என்று முடிவு. ஆனால் அப்போது புரட்டாசி. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி என்றால் கறி, மீன் எதுவும் வீட்டுக்குள் வராது, இதில் ஊரில் இருப்பவர்களைவிட இவர்கள் கறார் என்றே சொல்வேன். புரட்டாசி அக்டோபர் 17-இல் முடிந்தது, சரி என்று பார்த்தால் நடுவில் நவராத்திரி, விஜயதசமி 24-ஆம் தேதி செவ்வாய். வெள்ளிக்கிழமை எப்படியும் கறி கிடையாது. ஆக, இறைச்சியைத் தொட்டு ஒத்திகை பார்க்க மிஞ்சியது புதன் இரவும் வியாழன் இரவும் மட்டும்.

அதனால் சாஸை முதலில் எடுத்துக்கொண்டோம். அதில் கறி இல்லையே.

அக்டோபர் முதல் வாரம்: சாஸ்

என் கொழுந்தனிடம் 'டொமேட்டோ சாஸ் செய்யணும், சாமான் வாங்கிட்டு வாங்க' என்றேன். அவர் இரண்டு பெரிய பாட்டில் கெட்சப் வாங்கி வந்தார். அவர் மேல் தப்பில்லை. இங்கேயும் நம் ஊரிலும் டொமேட்டோ சாஸ் என்றால் அந்தப் பாட்டில்தான். அதன் இனிப்பும் வினிகரும் இந்தச் சமையலுக்கு ஒத்துவராது. தோல் உரித்த முழுத் தக்காளி டின்தான் வேண்டும் என்று படம் அனுப்பி மறுபடி வாங்கினோம். வாங்கும்போது வெங்காயமும் தக்காளியும் கலந்து வரும் டின் இங்கே ஏகப்பட்டது அடுக்கி இருக்கும், அது வேறு.

செய்முறை எளிது. ஆலிவ் எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் பதினைந்து நிமிடம் வதக்கி, தட்டின பூண்டு, பிறகு கையால் நசுக்கின தக்காளி, உப்பு, சின்னத் தீயில் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம், இறக்கும்போது பேசில் இலை. அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு இது சமையலாகவே தெரியவில்லை. தக்காளி சட்னி என்றால் டர்பன் வீடுகளில் ஒரு முழு ஐட்டம், கடுகு கறிவேப்பிலை தாளித்து, மசாலாத் தூள் போட்டு, அதில் மீனோ டின் மீனோ கறி உருண்டையோ போட்டுச் சமைப்பார்கள். 'கடுகு வேண்டாமா? கொஞ்சம் மிளகாய்த்தூளாவது?' என்று மூன்று முறை கேட்டார். பையன் கேட்டது அதில்லை என்பதால் வேண்டாம் என்று நின்றோம். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு கிண்ணம் தனியாகத் தாளித்து வைப்பது என்று உடன்பாடு. அதுதான் கடைசியில் முதலில் தீர்ந்தது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

புதன், அக்டோபர் 25: முட்டைக்குப் பதில் என்ன?

இந்த இரவு முழுக்க நான் ஒரு தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 'முட்டைக்குப் பதிலாக எதைப் போடுவது' என்பது அந்தக் கேள்வி.

முட்டை இதில் செய்கிற வேலை, சூட்டில் அதன் புரதம் கெட்டியாகி மற்றதைப் பிடித்து வைப்பது. அதனால் பிடித்து வைக்கிற வேறு ஏதாவது வேண்டும் என்று தேடினேன். முதலில் நினைவுக்கு வந்தது கோலா உருண்டை. அதில் பொட்டுக்கடலை மாவுதான் பிடிப்பு, முட்டை போடாமலே எங்கள் அம்மா செய்வார். அரைக் கிலோ மின்ஸுக்கு 50 கிராம் பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசைந்து, உருட்டி, வறுத்து, சாஸில் போட்டேன். உடையவே இல்லை. ஆனால் சாஸை இழுத்துக்கொண்டு உள்ளே மாவு மாவாக, நாக்கில் நறநறவென்று இருந்தது, வாசனையும் கோலா உருண்டை வாசனைதான். கோலா உருண்டை மொறுமொறுவென்று பொரித்த உடனே சாப்பிடுகிற பண்டம். சாஸில் அரைமணி நேரம் ஊறுவதற்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது, ஆளி விதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து வரும் கொழகொழப்பு. கேக்குக்கு எல்லாம் முட்டைக்குப் பதிலாக இதைச் சொல்கிறார்கள். உருண்டை நின்றது, ஆனால் ஒரு வழவழப்பும் லேசான எண்ணெய்ப் பலகாரச் சிக்கு வாசனையும் சேர்ந்தது. என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கைவிட்டேன்.

வியாழன், அக்டோபர் 26: எல்லாம் உடைந்த இரவு

மூன்றாவது முயற்சி, இத்தாலியர்கள் செய்கிற மாதிரியே பாலில் ஊறின பிரெட், முட்டையை மட்டும் விட்டுவிட்டு. பழசான பிரெட்டைப் பாலில் ஊறவைத்துக் கறியில் பிசைவது அங்கே வீட்டு வழக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவிலும் ஃப்ரிக்கடெல் என்கிற உருண்டைக்கும் பொபோட்டி என்கிற வேகவைத்த மின்ஸ் பண்டத்துக்கும் அதையே செய்கிறார்கள். மாவுச்சத்து பாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கறியின் புரதம் இறுகி ரப்பராவதைத் தடுக்கும். மிருதுவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. டர்பனில் பிரெட்டுக்குப் பஞ்சமும் இல்லை, பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ ஊராயிற்றே.

சாஸில் போட்டுப் பத்தாவது நிமிடம் மூடியைத் திறந்தால் உருண்டை இல்லை. சாஸ் மட்டும் கெட்டியாகியிருந்தது, நடுவில் இரண்டு மூன்று கல் மாதிரி மிதந்தன. நல்ல மின்ஸ் குழம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக முட்டை வேண்டும்போல, பேசாமல் பையனுக்குப் பொட்டுக்கடலை உருண்டையையே செய்துவிடலாம் என்று நான் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா மிச்சமிருந்த பச்சைக் கலவையைக் கையில் எடுத்துப் பார்த்தார். விரலால் தொட்டார். நாக்கில் வைக்கவில்லை, வாசனை மட்டும் பார்த்தார்.

'உப்பு எங்கே?'

'சாஸ்ல போட்டிருக்கேன் பெரியம்மா.'

'கறியிலே போடலியா? பிசையவும் இல்லியே நீ. சும்மா கலந்து வச்சிருக்கே.'

உண்மைதான். மின்ஸை அதிகம் பிசையக் கூடாது, பிசைந்தால் கெட்டியாகும் என்று எங்கேயோ படித்ததை நம்பி, விரல் நுனியால் புரட்டிவிட்டு நிறுத்தியிருந்தேன். பெரியம்மா சொன்னார், அவர் அம்மா கபாப் உருட்டும்போது முட்டை போட்டதே இல்லையாம். டர்பனில் கபாப் என்றால் கம்பியில் சுடுவது மட்டும் இல்லை, சட்னியில் போடுகிற கறி உருண்டையும்தான். கறியை உப்போடு அம்மியில் வைத்து இழுத்து இழுத்து அரைத்து, உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம். 'கவுத்தா விழக்கூடாது. விழாம ஒட்டிக்கிட்டு இருந்தா அப்புறம் குழம்புல போட்டாலும் உடையாது.'

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தசையில் இருக்கும் மயோசின் என்ற புரதம் உப்பில் கரையும். உப்புப் போட்டுப் பிசைந்தால் அது வெளியே வந்து பசை மாதிரி ஆகும், சூட்டில் அந்தப் பசை இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். சாசேஜ் நிற்பதும் இதனால்தான், அதில் முட்டையா இருக்கிறது? பிடித்து வைக்கிற பொருள் கறிக்குள்ளேயே இருந்தது, நான் அதை வெளியே வரவிடாமல் வைத்துவிட்டு மாற்றுப் பொருள் தேடி அலைந்திருக்கிறேன். அன்று இன்னும் இரண்டு தப்பும் சேர்ந்திருந்தது. பிரெட்டைப் பிழியாமல் பால் சொட்டச் சொட்டப் போட்டிருந்தேன். சாஸ் தளதளவென்று கொதிக்கும்போது உருண்டையைப் போட்டு, குழம்பு கிண்டுகிற பழக்கத்தில் கரண்டியையும் விட்டுவிட்டேன்.

மிச்சம் 400 கிராம் மின்ஸ் இருந்தது. மணி பத்தரை. அதில் உப்பைப் போட்டு நான்கு நிமிடம் பிசைந்தோம். இரண்டாவது நிமிடமே வித்தியாசம் தெரிந்தது, உதிரியாக இருந்தது நூல் விட ஆரம்பித்தது, கிண்ணத்தின் ஓரத்தை விட்டு ஒரே கட்டியாகக் கழன்று வந்தது. அதற்குப் பிறகுதான் பிழிந்த பிரெட்டைச் சேர்த்தோம். கையைக் கவிழ்த்தேன், விழவில்லை. ஃப்ரிட்ஜில் அரைமணி வைத்து, வறுத்து, சாஸ் லேசாக முணுமுணுக்கிற சூட்டில் போட்டு, முதல் பத்து நிமிடம் யாரும் கரண்டியைத் தொடக் கூடாது, பாத்திரத்தைப் பிடித்து ஆட்டலாம் என்று விதி வைத்தோம். பத்துப் போட்டோம், பத்தும் நின்றது. நள்ளிரவில் வெட்டிப் பார்த்தால் உள்ளே மிருதுவாக, நரநரப்பு இல்லாமல், சாறோடு இருந்தது.

ஒரு எச்சரிக்கை. பிரெட் சேர்த்த பிறகும் விடாமல் பிசைந்தால் சாசேஜ் மாதிரித் துள்ள ஆரம்பித்துவிடும். முதலில் கறியையும் உப்பையும் மட்டும் நன்றாக, அப்புறம் பிரெட்டைச் சேர்த்து ஒன்றாகும் வரைக்கும் மட்டும். இந்த வரிசையை மாற்றினால் வேலைக்கு ஆகாது. கறியும் குளிர்ந்தே இருக்க வேண்டும். அக்டோபரில் டர்பனில் வெக்கை ஆரம்பித்துவிடும், ஆட்டுக் கொழுப்பு கையின் சூட்டுக்கே இளகிக் கலவை எண்ணெயாகப் பூசிக்கொண்டால் ஒட்டும் தன்மை போய்விடும். கிண்ணத்தையே ஃப்ரீசரில் வைத்து எடுத்தோம்.

வெள்ளி, அக்டோபர் 27: லேபிள்கள்

அன்று கறி இல்லை, சாமான் வாங்குவது மட்டும். அக்கா ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து இறங்கினார். காபிகூடக் குடிக்காமல் நேராகச் சமையலறைக்குள் போய், வாங்கி வைத்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பின்பக்கம் படிக்க ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. முட்டை இல்லாமல்தானே எல்லாம் திட்டமிட்டிருக்கிறோம், நம்பவில்லையோ என்று.

ஐந்து நிமிடத்தில் மூன்று பொருளை எடுத்து ஓரமாக வைத்தார்.

ஒன்று, பாஸ்தா. கொழுந்தன் ஸ்பகெட்டியோடு கூடு மாதிரிச் சுருட்டின ரிப்பன் பாஸ்தாவும் வாங்கியிருந்தார், அழகாக இருக்கிறது என்று. அதில் முட்டை. காய்ந்த சாதா ஸ்பகெட்டி பொதுவாக ரவைக் கோதுமையும் தண்ணீரும் மட்டும்தான், அந்தப் பாக்கெட்டில் அப்படியே இருந்தது.

இரண்டு, பளபளவென்று இருந்த மென்மையான பன். ஊறவைக்க நன்றாக இருக்குமே என்று நான் வாங்கியது. மேலே அந்தப் பளபளப்பு முட்டைப் பூச்சு. சாதா வெள்ளை பிரெட்டுக்கு மாறினோம், அதன் லேபிளையும் படித்த பிறகுதான்.

மூன்றாவதை நான் ஜென்மத்துக்கும் யோசித்திருக்க மாட்டேன். சீஸ். துருவிப் போடுகிற கெட்டியான கிரானா பதானோ ஒரு துண்டு வாங்கியிருந்தேன். சீஸில் முட்டை எப்படி வரும்? லேபிளில் சின்ன எழுத்தில் லைசோசைம், அடைப்புக்குள் முட்டை என்று இருந்தது. சீஸ் முதிரும்போது உள்ளே சில கிருமிகள் வாயுவை உண்டாக்கிச் சீஸை வீங்க வைத்து வெடிக்கச் செய்யும், அதைத் தடுக்க முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். கிரானா பதானோவில் இது அனுமதிக்கப்பட்ட, வழக்கமான ஒன்று. சேர்க்கிற அளவு குறைவுதான். ஆனால் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அந்த லைசோசைமே பிரச்சினை. இந்தப் பையன் எந்தப் பக்கம் என்று நம் வீட்டு விருந்தில் வைத்துச் சோதிக்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவில் பாக்கெட் உணவில் முட்டை, பால், வேர்க்கடலை, சோயா போன்ற பொதுவான ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் சொல்ல வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் விதி இருக்கிறது. அது இருந்ததால் பிடிபட்டது, படிக்கிற ஆள் இருந்ததாலும்.

சரி, பார்மிஜானோ ரெஜ்ஜானோ வாங்கலாம், அதில் லைசோசைம் சேர்க்கவே கூடாது என்பது அவர்கள் விதி, என்று அக்காவே சொன்னார். அப்போது பெரியம்மா கேட்டார், பாலை எதை வைத்து உறைய வைக்கிறார்கள் என்று. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். கேட்டவுடன் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம். ஒரு சீஸில் முட்டை, இரண்டிலுமே கன்றுக்குட்டி. முடிவு, உருண்டைக்குள் சீஸே வேண்டாம். சீஸ் தரும் உப்பும் ஆழமும் குறையுமே என்று, வெங்காயத்தைப் பொன்னிறத்தைத் தாண்டி நன்றாகச் சிவக்க வதக்கி ஆறவைத்துச் சேர்ப்பது, ஒரு கரண்டி தக்காளிப் பேஸ்ட்டை எண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து சாஸில் விடுவது, உப்பைக் கிலோவுக்கு 15 கிராமாக ஏற்றுவது என்று மூன்று மாற்றம் செய்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அடுத்த நாள் ஒருவர்கூடச் சீஸ் எங்கே என்று கேட்கவில்லை.

படுக்கப் போகுமுன் அக்கா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒவ்வாமை முற்றினால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசிப் பேனா எந்தப் பையில் இருக்கிறது, தொடையில் எப்படிக் குத்துவது, குத்தின பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று செய்து காட்டினார். இதை முதல் நாளே செய்தது நல்லது. விருந்து நாளில் யார் காதிலும் எதுவும் ஏறாது.

சனி, அக்டோபர் 28: சமையல்

அன்று பவுர்ணமி. பெரியம்மா கறி சாப்பிட மாட்டார். போதாததற்கு இரவு சந்திர கிரகணம் வேறு, இங்கே மணி 9.35-க்குப் பிடிக்கிறது. ஆட்டமோ 9 மணிக்கு. ரக்பிக்காரர்கள் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி வைக்கவில்லையே என்று அவர் புலம்பினதுக்கு என்ன பதில் சொல்வது. முடிவாக, ஏழு மணிக்குப் பந்தி, எட்டரைக்குள் பாத்திரம் கழுவி முடித்துவிட வேண்டும் என்று நேரம் வகுத்தோம். சமையல் முழுக்க அவர் கையில்தான் நடந்தது, ஒரு வாய்கூட அவர் ருசி பார்க்கவில்லை.

ஒரு கிலோ ஆட்டு மின்ஸுக்கு எங்கள் அளவு: ஓரம் நீக்கிய வெள்ளை பிரெட் 150 கிராம், பால் 180 மில்லி, உப்பு 15 கிராம், சிவக்க வதக்கின வெங்காயம் ஒரு பெரியது, பூண்டு மூன்று பல், பார்ஸ்லி ஒரு பிடி, மிளகுத்தூள். கறியில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்று கடையில் சொல்லியே அரைத்து வாங்கினோம். மொத்தம் நான்கு கிலோ. ஒரே அண்டாவில் போட்டால் நடுவில் சூடேறிவிடும் என்று இரண்டு இரண்டு கிலோவாகப் பிசைந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன வடையைத் தட்டி வறுத்து நான் உப்புப் பார்த்தேன். பச்சைக் கறியை நாக்கில் வைக்கிற வேலை வேண்டாம். நாற்பது கிராம் உருண்டையாக 138 வந்தது. உருட்டும்போது கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டோம். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம்.

மின்சார ஓவனில் வைத்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். ஆனால் 2023-இல் மின்வெட்டு நம்மைப் படுத்தின பாடு தெரியும், உள்ளே தட்டு இருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வது? கேஸ் அடுப்பில் அகலமான வாணலியில் இருபது இருபதாக, நான்கு பக்கமும் நிறம் வரும்வரை மட்டும் வறுத்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, முதுகு போனது. பிறகு இரண்டு அகலப் பாத்திரத்தில் சாஸ், அதில் ஒரே அடுக்காக உருண்டைகள், மெல்லிய தீ, 25 நிமிடம். தெர்மாமீட்டரில் நடுப்பகுதி 74 டிகிரி தாண்டிய பிறகு அணைத்தோம். ஆட்டுக் கறி மின்ஸுக்கு 71 போதும், கொஞ்சம் தள்ளியே நின்றோம்.

138-இல் உடைந்தது இரண்டு. அதில் ஒன்று கொழுந்தன் மூடியைத் திறந்து கரண்டியை விட்டதால்.

பையனுக்கு ஒரு சின்னப் பாத்திரம் தனியாக, முதலிலேயே எடுத்து வைத்தோம், புதுக் கரண்டி, மூடிமேல் சிவப்பு டேப். ஐந்து உருண்டை. அன்று வீட்டுக்குள் யாரும் முட்டை கொண்டுவரக் கூடாது என்று குடும்ப வாட்ஸப்பில் இரண்டு முறை போட்டிருந்தோம். பிரியாணியில்கூட அவித்த முட்டை வைக்க வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

என்ன நடந்தது

ஆறரை மணிக்கு உறவில் ஒருவர் பெரிய கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தார். மயோனைஸ் போட்டது. 'முட்டையா? இதில் எங்கே முட்டை?' என்று அவர் உண்மையாகவே கேட்டார். மயோனைஸே முட்டைதான் என்பது அவருக்குத் தெரியவில்லை, முட்டை என்று நாங்கள் எழுதினதைக் கண்ணுக்குத் தெரிகிற முட்டையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் கவனித்து அதை வெளியே மேசைக்கு மாற்றுவதற்குள் யாரோ சாலட் கரண்டியால் பொது உருண்டைப் பாத்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் என்று தெரியாது, தெரிந்தும் பயனில்லை.

அதோடு பொதுப் பாத்திரம் பையனுக்கு முடிந்தது. நல்ல வேளை, சிவப்பு டேப் பாத்திரம் உள்ளறையில் இருந்தது. ஐந்து உருண்டையும் ஸ்பகெட்டியும் சாப்பிட்டான், முகமெல்லாம் சாஸ். அரைமணி, ஒரு மணி என்று அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு இன்னும் வேண்டும் என்று வந்தான். பொதுப் பாத்திரத்தில் இருபதுக்கு மேல் மிச்சம், கண் முன்னால் இருக்கிறது. அவனுக்கு மட்டும் இல்லை. அக்கா வேண்டாம் என்றார், அவன் அழுதான், சத்தம் போட்டு இல்லை, பழகின பிள்ளையின் அழுகை. ஒன்பது வயசுப் பையன் ஐந்துதான் சாப்பிடுவான் என்று கணக்குப் போட்டது நான்.

ஆட்டம் 12-11 என்று தென்னாப்பிரிக்கா வென்றது, தெருவே வெடித்தது. பெரியம்மா கிரகணம் விடட்டும் என்று கதவைச் சாத்திப் படுத்திருந்தார்.

அடுத்த முறை மாற்றுவது

ஒவ்வாமைப் பிள்ளையின் பங்கு, அவன் சாப்பிடுவான் என்று நினைப்பதைப்போல இரண்டு மடங்கு, தனிப் பாத்திரத்தில். இந்த உருண்டை சாஸோடு ஃப்ரீசரில் நன்றாக நிற்கிறது, மிஞ்சினால் ஊருக்குக் கொடுத்துவிடலாம். வாட்ஸப்பில் முட்டை என்று மட்டும் எழுதாமல் மயோனைஸ், கேக், பளபளக்கிற பன், சீஸ் என்று பொருளாகவே எழுத வேண்டும், இன்னும் நல்லது, ஒருவரும் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்பது. பெரியம்மா அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், வெறுங்கையோடு வருகிற சொந்தக்காரர்களை அவருக்குப் பிடிக்காது, அதனால் பழமும் குளிர்பானமும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சமையலில், புதன் இரவை நான் வீணாக்கியிருக்க வேண்டாம். பிரெட்டும் உப்பும் சரியாக அமைந்த பிறகு ஒரு ஒப்பீட்டுக்காக, நவம்பரில் தீபாவளி எல்லாம் முடிந்து, முட்டை போட்டு ஒரு தொகுதியும் போடாமல் ஒன்றும் செய்து பார்த்தேன். இரண்டும் உடையவில்லை. முட்டை போட்டது கொஞ்சம் இறுகலாக இருந்தது, என் கணவர் போடாததையே எடுத்துக்கொண்டார், இந்த முறை 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லாமல்.

வெள்ளிக்கிழமை வாங்கின அந்தக் கிரானா பதானோவை என்ன செய்தோம் என்று கேட்டால், அது ஜனவரி வரைக்கும் ஃப்ரிட்ஜில் அப்படியே இருந்தது. மேலே சிவப்பு டேப் ஒட்டி, பெரியம்மா கையெழுத்தில் 'தம்பிக்கு ஆகாது' என்று எழுதி.